பயிற்சியில் தைக்கும் அம்பு வேட்டையில் தவறுகிறது, ரிலீஸை மாற்றினால் சரியாகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான்கு ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில்லில் (இரு முனைகளிலும் சக்கரங்கள் வைத்த வில்) எய்கிறீர்கள். மணிக்கட்டில் பட்டை கட்டி ஆள்காட்டி விரலால் இழுக்கும் டிரிகர் ரிலீஸ் வைத்திருக்கிறீர்கள்; ரிலீஸ் என்பது நாணைப் பிடித்து இழுத்து விடும் சிறு கருவி. பயிற்சியில் 30 மீட்டரில் அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் போன பருவத்தில் 25 மீட்டரில் அசையாமல் நின்ற மானை இரண்டு முறை தவறவிட்டீர்கள். டிரிகர் இல்லாத ஹிஞ்ச் ரிலீஸுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கருவியைப் பற்றியதுதான். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "குறிபார்க்கும் புள்ளி மானின் மேல் வந்ததும் அம்பு போய்விட்டது." அம்பை விட்டேன் என்று நீங்கள் எழுதவில்லை, போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்பை விட்டது யார் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் 16 ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில் கற்றுத்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டிக்குத் தயாராகிறவர்கள், பாதிப் பேர் உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறவர்கள். உங்களுக்கு இருக்கும் இதே தொல்லை எனக்கும் இரண்டு ஆண்டுகள் இருந்தது. வில்லின் சைட்டில் (குறிபார்க்கும் கருவியில்) இருக்கும் புள்ளி இலக்கின் நடுவட்டத்துக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு மேலே ஏறாது. வலிந்து ஏற்றினால் வட்டத்தைத் தொட்ட அந்தக் கணமே விரல் டிரிகரை அடித்துவிடும். அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அடிப்பேன். வில்லாளிகள் இதை டார்கெட் பேனிக் என்கிறார்கள். இது உங்கள் துணிச்சலில் இருக்கும் குறை இல்லை, கெட்டிக்காரத்தனத்தில் இருக்கும் குறையும் இல்லை. நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 70 சென்டிமீட்டர் நீள அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாணில் அதன் பின்முனை அப்படியே இருக்க, முன்முனை மட்டும் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால் 30 மீட்டரில் அந்த விலகல் 4 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். வெறும் கணக்கு இது. அதாவது வில் பிடித்திருக்கும் கை அரை நகக்கண் அளவு திரும்பினாலே போதும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம்தான். அதன் நடுவில் குறி வைத்தால் எந்தப் பக்கமும் 10 சென்டிமீட்டர்தான் மீதம். இப்போது டிரிகரை ஓங்கி இழுப்பவருக்கு உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விரல் மட்டும் தனியாக அசைவதில்லை. விரல் சட்டென்று மடங்கும்போது முன்கை இறுகுகிறது, மணிக்கட்டு திரும்புகிறது. இன்ன கணத்தில் நாண் வெடித்து விடுபடப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டதால் வில் பிடித்த கையும் முன்கூட்டியே உதறிக்கொள்கிறது. நாணை விட்ட பிறகு அம்பு வில்லை விட்டு வெளியேற நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரம் ஆகும். உதறல் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால் அம்பு அந்த உதறலையும் சுமந்துகொண்டுதான் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. புள்ளி சரியான இடத்தில் இருப்பதைக் கண் பார்த்து, மூளை உத்தரவிட்டு, விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எவ்வளவு பழகினாலும் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. புள்ளியோ ஓயாமல் மிதந்துகொண்டே இருக்கிறது. ஆகவே "இப்போது!" என்று நீங்கள் விடும் ஒவ்வோர் அம்பும் 0.2 நொடிக்கு முன்பு இருந்த இடத்தை நம்பி விடப்படுகிறது. இதை ஈடுகட்ட மூளை ஒரு குறுக்குவழி கற்றுக்கொள்கிறது: புள்ளி நடுவை நெருங்கும்போதே, வந்து சேர்வதற்கு முன்பே, உத்தரவை அனுப்பிவிடுகிறது. நாள் போகப் போக நெருங்குவதும் விடுவதும் ஒரே செயலாக ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் உங்களைக் கேட்காமலே அம்பு போகும். பயிற்சி இலக்கு பதற்றம் தராது என்பதால் அங்கே இது மூடியே கிடக்கிறது. மான் வந்து நின்றதும் வெளியே வருகிறது.

சரி, மாற்று வழி என்ன? விடும் வேலையை விரலிடமிருந்து எடுத்து முதுகிடம் கொடுப்பதுதான். முழுவதும் இழுத்து ஆங்கரில், அதாவது தாடையோரம் கை வந்து நிற்கும் இடத்தில், கை அமர்ந்த பிறகும் இழுப்பு நிற்கக் கூடாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகெலும்பை நோக்கி மெல்ல நெருங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலது முழங்கை பின்பக்கமாகச் சுற்றி நகரப் பார்க்கும். விரல் டிரிகரைச் சுற்றி ஒரு கொக்கிபோல் சும்மா வளைந்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. முழங்கை பின்னே போகப் போக அந்தக் கொக்கியும் கூடவே போகும், டிரிகர் தானாக அழுந்தும். இதற்கு விரல் டிரிகரில் ஆழமாகப் பதிய வேண்டும். விரல் நுனியால் தொடுகிறவர் எப்போதும் தட்டத்தான் செய்வார், ஏனென்றால் நுனியில்தான் தொடு உணர்வும் நுணுக்கமான அசைவும் இருக்கின்றன. நடு மூட்டுக்குப் பக்கத்தில் டிரிகர் உட்காரும்படி மணிக்கட்டுப் பட்டையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பட்டை இரண்டு விரற்கடை நீளமாக இருக்கும், விரல் எட்டிப்பிடித்துத்தான் டிரிகரைத் தொடும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி இறுக்கம் போய்விடுகிறது.

நீங்கள் எப்படி விடுகிறீர்கள் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. யாரையாவது பக்கவாட்டில் நின்று கைபேசியில் வேகம் குறைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அம்பைப் பார்க்காதீர்கள், ரிலீஸ் பிடித்த கையைப் பாருங்கள். முதுகால் இழுத்தவரின் கை, நாண் விடுபட்டதும் தாடையை ஒட்டியே பின்னால் போய்க் காதுக்குப் பின்னே, தோளுக்கு மேலே நிற்கும். பிடித்திருந்த கயிறு திடீரென அறுந்ததுபோல் இருக்கும் அந்த அசைவு. டிரிகரை அடித்தவரின் கை தாடையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது அம்பு எங்கே போகிறது என்று பார்ப்பதுபோல் முன்னால் நழுவும். படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நகர்த்தினால் இன்னொன்றும் தெரியும்: நாண் அசைவதற்கு முந்தைய சட்டத்திலேயே புறங்கையின் நரம்புகள் புடைத்து, விரல் முட்டிகள் வெளுத்திருக்கும். என் கையை நான் முதன்முதலில் இப்படிப் பார்த்த அன்று, அதுவரை நான் அடிப்பதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய தவறு என்று புரிந்தது.

இப்போது ஹிஞ்ச் ரிலீஸுக்கு வருகிறேன். அதில் டிரிகரே கிடையாது. உள்ளே பிறைவடிவத் தகடு ஒன்று இருக்கும், கொக்கி அதன் விளிம்பில் தொற்றி நிற்கும். கைப்பிடி கொஞ்சம் சுழன்றதும் கொக்கி பிறையிலிருந்து நழுவ, நாண் விடுபடும். சிலவற்றில் நழுவுவதற்குச் சற்று முன்பு "டிக்" என்று ஒரு சத்தம் வரும், இன்னும் கொஞ்சம்தான் மீதம் என்று அது சொல்லிவிடும். அடிக்க ஒரு பொத்தான் இல்லாததால், வெடிக்கும் கணம் உங்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. கற்பதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து. ஆனால் கருவி மட்டுமே நோயைத் தீர்க்காது. ஹிஞ்சை மணிக்கட்டால் வெடுக்கென்று திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், சிலருக்கு அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதோடு அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இழுக்கும்போது கைப்பிடி சுழன்றுவிட்டால் பாதி இழுப்பில் நாண் விடுபட்டு, உங்கள் கைமுட்டியே உங்கள் வாயில் மோதும். பல் உடைந்தவர்கள் உண்டு. இழுக்கும்போது எடை முழுவதும் ஆள்காட்டி விரலில் இருக்க வேண்டும், கட்டைவிரல் அதற்கென்று இருக்கும் முளையைப் பிடித்திருக்க வேண்டும், ஆங்கரில் அமர்ந்த பிறகுதான் கட்டைவிரலை எடுக்க வேண்டும்.

இதே குடும்பத்தில் டென்ஷன் ரிலீஸ் என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்து, ஆங்கரில் அமர்ந்ததும் அதை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு இழுப்பு ஒரு குறிப்பிட்ட எடையைத் தாண்டும்போது அது தானாக விடுபடும். உங்கள் வில்லின் இழுப்பு எடை 60 பவுண்ட் என்றும் லெட்-ஆஃப் (முழு இழுப்பில் அந்த எடை குறையும் அளவு) 80 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், முழு இழுப்பில் கையில் நிற்பது 12 பவுண்ட்தான். ரிலீஸை அதற்கு மேல் மூன்று நான்கு பவுண்டில் வைத்தால், முதுகு இழுத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. முதுகின் இழுப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாதவருக்கு இதைத்தான் கையில் கொடுப்பேன்.

கற்கும் முறையை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அவசரப்பட்டுத் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். முதல் வாரம் வில்லையே தொட வேண்டாம். கெட்டியான கயிற்றை உங்கள் டிரா லெங்த் (முழு இழுப்பின் நீளம்) அளவுக்கு வளையமாகக் கட்டுங்கள். வில் பிடிக்கும் கையில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையில் ரிலீஸை மாட்டி, ஆங்கருக்கு வாருங்கள். முன்கையும் மணிக்கட்டும் தளர்ந்திருக்க, முதுகால் மட்டும் இழுத்துக்கொண்டே இருங்கள், விடுபடும்வரை. கயிற்றில் ஆபத்து இல்லை, சத்தம் இல்லை, அம்பு எங்கே போனது என்ற கவலை இல்லை. ஒரு நாளைக்கு 50 முறை செய்யலாம். வீட்டுக்குள்ளேயே செய்யலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அம்பு இல்லாமல் உண்மையான வில்லின் நாணை விட்டு இதைப் பழகவே கூடாது, வில் உடையும், கையும் உடையும்.

அடுத்து, ஃபோம் கட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எய்வது. இழுக்கும்போது கண் திறந்தே இருக்கட்டும், அம்பு கட்டின் நடுவுக்கு நேராக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு மூடுங்கள். பின்னால் சுவரோ மேடோ இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. முடிந்தால் வில்லின் இழுப்பு எடையைப் பத்துப் பவுண்ட் குறைத்துக்கொள்ளுங்கள். குறி என்ற ஒன்றே இல்லாதபோது மனம் முழுக்க இழுப்பிலேயே இருக்கும். முதல் இருநூறு அம்புகளில் ஒவ்வொன்றும் விடுபடும்போது திடுக்கிடுவீர்கள், அது நல்லது. பிறகு திடுக்கிடல் குறைந்து, ஒரு நீண்ட மூச்சின் முடிவுபோல் அம்பு போகத் தொடங்கும். அந்த உணர்வு உடம்பில் ஊறும்வரை அங்கேயே நில்லுங்கள். கண்ணைத் திறந்தாலும் மூன்று மீட்டர், அப்புறம் ஐந்து, பத்து. எந்தத் தூரத்தில் பழைய அடி திரும்பி வருகிறதோ அங்கிருந்து ஒரு படி கீழே இறங்குங்கள். ஒரு நாளைக்கு 30 அம்பு போதும். களைத்துப்போன முதுகு வேலையை மறுபடி விரலிடமே கொடுத்துவிடும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்றை நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். முழுவதும் இழுத்து, புள்ளியை நடுவில் மிதக்கவிட்டு, எட்டு நொடி வைத்திருந்து, அம்பை விடாமல் நாணை மெல்ல முன்னால் இறக்கிவிடுங்கள். விரல் டிரிகருக்குப் பின்னால் இருக்கட்டும். நான்கு முறை இழுத்தால் அதில் ஒரு முறையாவது இப்படி இறக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். டார்கெட் பேனிக் உள்ளவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும், நடு இலக்கில் புள்ளி இருக்கும்போது விடாமல் இருப்பது உடம்பே மறுக்கும் செயலாக இருக்கும். நெருங்குவதும் விடுவதும் ஒட்டிக்கொண்டன என்று மேலே சொன்னேனே, அந்த ஒட்டைப் பிரிப்பது இந்தப் பயிற்சிதான். புள்ளி நடுங்கும், எட்டுப் போடும், நடுவை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும். அதை அடக்க முயலாதீர்கள். அடக்கினால் தசை இறுகும், இறுகினால் நடுக்கம் கூடும். கண் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தால், புள்ளியின் மிதப்பு தானாக நடுவைச் சுற்றியே அமையும்.

வில்லிலும் ரிலீஸிலும் பார்க்க வேண்டியவை இரண்டுதான். டிரா லெங்த் அதிகமாக இருந்தால் கை நீண்டு, உடம்பு பின்னால் சாய்ந்து, முதுகுக்கு இழுக்க இடமே இருக்காது. சந்தேகமாக இருந்தால் அரை அங்குலம் குறைத்துப் பாருங்கள். டிரிகர் மயிரிழையில் விடுபடும்படி மிக லேசாக வைத்திருந்தால் விரலை அதன்மேல் வைக்கவே பயப்படுவீர்கள், சற்றுக் கனமாக வையுங்கள்.

இனி வேட்டைக் களம். இங்கே பயிற்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆகவே இதை உறுதியான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது விடுபடும் என்று தெரியாத முறை இலக்குக்குச் சரி, ஆனால் மான் ஓரடி எடுத்து வைக்கப்போகிறது, இரண்டு நொடிதான் வாய்ப்பு என்னும்போது அது உதவாது என்று சிலர் சொல்வார்கள். உத்தரவிட்டு விட்டே பல ஆண்டுகள் சுத்தமாக வேட்டையாடியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. என் முடிவு இது: இழுப்பை எப்போது தொடங்குவது என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், எந்தக் கணத்தில் விடுபடுகிறது என்பது இழுப்பின் விளைவாக இருக்க வேண்டும், இடையில் எந்தக் கணத்திலும் நிறுத்த உங்களால் முடிய வேண்டும். தொடங்கிய பிறகு ஒன்றரை நொடியில் விடுபடும்படி பழகிக்கொண்டால் களத்தில் அது தாராளமாகப் போதும். ஒன்றரை நொடி நிற்காத மானை எய்ய வேண்டாம் என்பேன்.

இதனால்தான் களத்துக்கு ஹிஞ்சை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. உறை மாட்டிய விரல், குளிரில் விறைத்த கை, படபடக்கும் நெஞ்சு எல்லாம் சேரும்போது கைப்பிடியின் சுழற்சியை நம்புவது கடினம். ஆறு மாதம் ஹிஞ்சில் கற்றுவிட்டு, அதே இழுப்பைக் கட்டைவிரல் பொத்தான் ரிலீஸிலோ உங்கள் பழைய டிரிகரிலோ கொண்டுவாருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஹிஞ்சுக்குத் திரும்பி, இழுப்பு இன்னும் முதுகில்தான் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது புதுக் கருவிக்கு மாறவே மாறாதீர்கள்.

பயிற்சி இலக்கில் இல்லாத பதற்றத்தையும் கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். காலையில் உடம்பு சூடேறுவதற்கு முன் ஒரே ஓர் அம்பு எய்து, அத்தோடு வில்லை வைத்துவிடுங்கள். வேட்டையில் கிடைப்பது அந்த முதல் அம்புதான், பத்தாவது அம்பு அல்ல. நூறு மீட்டர் ஓடிவந்து மூச்சு வாங்கும்போது இழுத்துப் பாருங்கள். களத்தில் போடும் அதே தடித்த சட்டையோடு எய்யுங்கள், நாண் சட்டைக்கையில் உரசுகிறதா என்று தெரியும். மரத்தின் மேலிருந்து எய்பவரானால், பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு உயரத்திலிருந்தே பழகுங்கள். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளைய வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கர் மாறிவிடும். நுனியில் பிராட்ஹெட் என்னும் அலகுள்ள வேட்டை முனையை மாட்டியும் எய்து பாருங்கள். பயிற்சி முனை மன்னிக்கும் தவற்றை, அசையாத அலகுள்ள பிராட்ஹெட் காற்றைப் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டிவிடும். தூரத்தையும் அதற்கேற்ப வையுங்கள். நொடிக்கு 85 மீட்டர் போகும் அம்பு 30 மீட்டர் கடக்க 0.35 நொடி ஆகும், நாணின் சத்தமோ 0.09 நொடியில் மானின் காதை எட்டிவிடும். மீதி கால் நொடியில் மான் உடம்பைத் தாழ்த்திவிட முடியும். எவ்வளவு சுத்தமாக விட்டாலும் இதை ரிலீஸால் சரிசெய்ய முடியாது. காயம்பட்டு ஓடும் விலங்கின் வேதனை நம் கணக்கில்தான் சேரும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வந்தவர்களை வைத்துச் சொன்னால், கட்டுக்கு முன்னால் கண்மூடி எய்யும்போது சரியான உணர்வு பிடிபட மூன்று வாரம், 30 மீட்டரில் அது நிலைக்க இரண்டு மூன்று மாதம், படபடப்பிலும் நிலைக்க ஒரு பருவம். சிலருக்கு இரட்டிப்பாகவும் ஆகியிருக்கிறது. டார்கெட் பேனிக் பதற்றத்தால் மட்டும் வருவதா, கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு வரும் யிப்ஸ் (அடிக்கும் நேரத்தில் கை தானாக உதறும் தொல்லை) போல் நரம்பிலும் ஏதாவது இருக்கிறதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. முழுக்கப் போய்விட்டது என்று நானே என்னைப் பற்றிச் சொல்ல மாட்டேன், அம்பை விடாமல் நாணை இறக்கும் பயிற்சியை வாராவாரம் இன்றும் விடாமல் செய்கிறேன்.

நீங்கள் எய்வதை நான் பார்க்கவில்லை, எழுதியதை மட்டும் வைத்துத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு அம்புகளும் மானுக்குக் கீழே போயின என்று எழுதியிருக்கிறீர்கள். வில் கை தாழ்ந்ததாலும் அப்படி ஆகலாம், தூரத்தைக் குறைத்து மதிப்பிட்டதாலும் ஆகலாம். ஆகவே ஹிஞ்ச் வாங்கும் முன் இந்த வாரமே பத்து அம்புகளை நான் சொன்னபடி பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். இழுக்கும் கை பத்திலும் பின்னால் போகிறது என்றால் உங்கள் தொல்லை ரிலீஸில் இல்லை, தூரத்தை அளப்பதிலிருந்து தேடத் தொடங்குங்கள். கை தாடையிலேயே நின்றால் கயிற்றை எடுத்து வளையமாகக் கட்டிவிடுங்கள்.